இரண்டு இலக்கப் பெட்டி

திருகோணமலைக் கச்சேரி வளவில்
ஒரு கலைமான் படுத்திருக்கிறது.
முத்திரை விற்பவரின் குடை நிழலில் பாதி உடம்பு,
மறுபாதி பங்குனியில்.

நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன்.
தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி
ரப்பர் முத்திரை குத்துவது தொழில்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
ஒற்றைச் சொல்லில் ஒரு முழுக் காலையும் போனால்
அதற்குக் கூலி இல்லை.

குச்சவெளிப் பக்கமிருந்து வள்ளிப்பிள்ளை வந்திருந்தா,
உத்தேச வயதுச் சான்றிதழுக்கு.
பிறப்புப் பதிவு எரிந்ததா, நனைந்ததா,
யாரும் எழுதவே இல்லையா, தெரியாது.
வருடம் மட்டும் நிச்சயம்:
"பெரும் புயலுக்கு அடுத்த பங்குனி."

படிவத்தில் மாதத்துக்கு இரண்டு சதுரம்.
03 எழுதலாம், 04 எழுதலாம்.
பங்குனியோ
ஒரு கால் வள்ளத்திலும் ஒரு கால் கரையிலுமாகக்
கவட்டை விரித்து நிற்கிற ஆள்.

திலகசிறி ஐயா உதவிக்கு வந்தார்.
"எங்கட பக் மாசம்தானே?"
பக் என்றால் பாக்கியமாம்.
முள்முருக்கு பூக்கும், குயில் கூவும், வருடம் பிறக்கும்.
நல்ல மாதம்தான்.
வேறு மாதம்.

தட்டச்சில் இருந்த ரிஸ்மியா தலை நிமிர்த்தாமல் சொன்னாள்:
"எங்களுக்கும் ஒண்டு இருக்கு, சேர். ரபீயுனில் அவ்வல்.
முதல் வசந்தம் எண்டு கருத்து.
நான் ஓஎல் எழுதின காலம் அடைமழைக்குள்ள வந்தது,
இப்ப கச்சான் காத்துக்குள்ள வருது.
முப்பத்திமூண்டு வருசத்தில
எல்லாக் காலத்தையும் ஒருக்காச் சுத்திப் பாத்திடும்."

அகராதியைப் பிரித்தேன்.
வடமொழி வேரில் ஒரு பொருள் செம்மை,
அதே வேரில் இன்னொரு பொருள் அற்பம்.
இளவேனிலுக்குச் சற்று முந்தியது என்றும் இருந்தது.
மின்விசிறி அந்தப் பக்கத்தை மூடிவிட்டது.

"அம்மா, வேறேதும் அடையாளம்?"

"வாடைக்காத்து விழுந்திட்டுது.
கரைவலை முதல் பாடு வளைச்ச அண்டு
அம்மா வாடிக்குள்ள நோவில கிடந்தவ.
சம்மாட்டி பங்கு பிரிக்கேக்க
ஆளொண்டு கூடிப்போச்செண்டு
ஒரு பாரைக்குட்டி குடுத்து விட்டவர்.
பங்கு வாற மாசம். அதுதானே பங்குனி."

இல்லை, அப்படி வரவில்லை அந்தச் சொல்.
ஆனாலும் அகராதியின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிக்கொண்டேன்.
மாரி முழுக்க அவர்களுடைய கடைக் கொப்பியில்
ஒரே வசனம்தானாம்: பங்குனிக்குத் தாறன்.
அரிசிக்கும் அதுதான், மண்ணெண்ணெய்க்கும் அதுதான்.
அங்கே அந்தச் சொல்லுக்கு
நாணயம் என்று பொருள்.
அதையும் எழுதினேன். ஓரம் முடிந்துவிட்டது.

"தம்பி, மார்ச் எண்டு போட்டால்
ஓய்வூதியக் காசு ஒரு மாசம் முந்துமோ?"
சத்தியம் செய்த கை மேசைமேல் கிடந்தது.
"முந்தும்."
"அப்ப அதைப் போடுங்கோ."
சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தா.
"பொய்யெண்டால் வேண்டாம்."

மார்ச், சாய்கோடு, ஏப்ரல் என்று தட்டிப் பார்த்தோம்.
கணினி சிவப்பில் மறுத்தது.
சரி, நடுவில் வைப்போம், ஏப்ரல் ஒன்று என்றேன்.
ரிஸ்மியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
அரசாங்கப் பத்திரத்தில் ஒருத்தியை
முட்டாள்கள் தினத்தில் பிறக்க வைக்கலாமா?
ஒரு நாள் பின்னே போனோம்.
31.03.1965.
உத்தேசம் என்ற சொல்லின் கீழ்
என் கையொப்பம், என் முத்திரை,
கொஞ்சம் மை பரவிவிட்டது.

வாசல்வரை போனவ திரும்பி வந்தா.
"இனி எனக்குப் பிறந்தநாள் எப்ப?"
"மார்ச் முப்பத்தொண்டு."
"அது பங்குனியில எத்தனை?"
"பதினெட்டு. சில வருசம் பதினேழு."

விரல் கணுவில் ஏதோ எண்ணினா.
"அப்ப சரி. அண்டைக்குத் திங்கள் விழுந்தா
மீன் இல்லை" என்று சொல்லிவிட்டு
மானைச் சுற்றிக்கொண்டு
பஸ்ஸுக்குப் போனா.